கடைசியாக வரும் ஒட்டகங்கள்

மொறொக்கோவின் தெற்கே, சகாராவின் விளிம்பில் வருடாவருடம் ஒரு ஓட்டம் நடக்கிறது. பிரெஞ்சில் 'மரத்தோன் தே சாப்ள்' என்கிறார்கள், மணல் மரதன். ஒரு கிழமைக்குள் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். நாளுக்கொரு பகுதியாக ஓடவேண்டும். அதில் ஒரு பகுதி 80 கிலோமீற்றரையும் தாண்டும்; அதை முடிக்கப் பலருக்கு மறுநாள் விடிந்துவிடும். சாப்பாடு, படுக்கை, மாற்றுடுப்பு எல்லாவற்றையும் ஓடுபவரே முதுகில் சுமக்கவேண்டும். நடத்துபவர்கள் தருவது தண்ணீரும், இரவு படுக்க ஒரு கூடாரமும், விழுந்தால் வைத்தியமும். இதற்குப் பல நாடுகளிலிருந்தும் ஆயிரம் பேரளவில் காசு கட்டிப் போகிறார்கள்.

கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் வேலை செய்கிற குசினிக்குள் இந்தக் கதை கோப்பை கழுவும் தொட்டியடியில்தான் வந்து சேர்ந்தது. நாங்கள் என்பது நான்கு பேர். விக்டோரியா அவெனியூவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எல்லோருக்கும் வயது முப்பதுக்கு மேல், நாற்பதுக்குள். இரண்டு பேர் கம்பஸைப் பாதியில் விட்டவர்கள். எங்களோடு தொட்டியில் நிற்பவர் ஒரு மொறொக்கோக்காரர். ஸகோறா என்ற ஊருக்குப் பக்கம். எங்களைவிட மூத்தவர் என்பதால் அவரை 'அண்ணை' என்று கூப்பிடுவோம். அது தன்னுடைய பெயரைத் தமிழில் சொல்கிற விதம் என்று கன காலமாக நினைத்துக்கொண்டிருந்தார். இங்கே வருவதற்கு முன் சில வருடங்கள் அந்த ஓட்டத்தில் கூடாரம் அடிக்கிற வேலை செய்தவர்.

அவர் சொன்ன கதை ஓடுபவர்களின் கதையல்ல, கூடாரக்காரரின் கதை. எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம். கறுப்புத் துணி, நடுவிலே தடி, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். விடியக்காலையில் இவர்கள் போய், உள்ளே ஆட்கள் குந்தியிருந்து தேத்தண்ணி வைத்துக்கொண்டிருக்கவே துணியை உருவி லொறியில் ஏற்றுவார்களாம். அவர்களுக்கு முன்னால் அடுத்த இடத்துக்குப் போய், முதல் ஆள் வந்து சேருமுன் எல்லாவற்றையும் திரும்ப அடித்து முடிக்கவேண்டும். ஏழு நாளும் இதுதான். பின்னேரம் ஆனதும் பாதத்தைப் பார்ப்பதற்கென்றே இருக்கிற வைத்தியர்களிடம் வரிசை நிற்கும். நகம் கழன்றவர்கள், தோல் உரிந்தவர்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ஈரத்தில் நிற்கிற எங்களுக்குப் பாதத்தைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. முதலாளி காலைப் பார்ப்பதில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

இந்த ஓட்டத்தைத் தொடங்கியவர் பத்ரிக் பௌவேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1984இல் தண்ணீரையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்துகொண்டு அல்ஜீரியச் சகாராவில் 350 கிலோமீற்றரைப் பன்னிரண்டு நாளில் தனியாக நடந்து கடந்தார். தான் கண்டதை மற்றவர்களும் காணவேண்டும் என்று 1986இல் மொறொக்கோவில் ஓட்டத்தை ஆரம்பித்தபோது வந்தவர்கள் 23 பேர். பிறகு ஆட்கள் பெருகினார்கள். வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் அண்ணையின் நெஞ்சு நிமிர்ந்துவிடும். லாசன் அஹன்சால் என்ற ஸகோறாக்காரர் 1997க்கும் 2007க்கும் இடையில் பத்துத் தடவை வென்றார். நடுவில் அவர் விட்ட ஒரு வருடம், 1998இல், வென்றது அவருடைய தம்பி. ஒவ்வொரு நாளும் எல்லோருக்கும் பின்னால் இரண்டு ஒட்டகங்கள் நடந்து வருமாம். அவை முந்திவிட்டால் அந்த ஆளுக்கு ஓட்டம் முடிந்தது. "முதலாவதாய் வாறதும் எங்கட ஊர், கடைசியாய் வாற ஒட்டகமும் எங்கட ஊர். நடுவிலை வாறதுதான் மற்ற உலகம்" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய பிரெஞ்சும் எங்களுடைய பிரெஞ்சும் சந்திக்கிற இடத்தில் எங்களுக்கு விளங்கியது இது.

முதலில் நாங்களும் சிரித்தோம். "விசரே உவங்களுக்கு? காசு குடுத்து ஆரும் வெய்யிலுக்கை பட்டினி கிடப்பினமோ?" என்று எங்களில் மூத்தவர் கேட்டார். பதில் சொன்னது மரக்கறி வெட்டுகிற அக்கா. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்ட இலட்சக்கணக்கான சனத்தோடு சனமாக, மழைக்குள் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தவர்களில் ஒருவர் அவர். "ஏன், எங்கட சனம் கதிர்காமத்துக்கு நடக்கேல்லையோ? என்ரை அம்மம்மா சந்நிதியிலையிருந்து நடந்தவ" என்றார். செல்வச்சந்நிதியிலிருந்து வெளிக்கிட்டால் கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதம் நடை. ஒகந்தையைத் தாண்டினால் குமணைக் காடு, பிறகு யாலைக் காடு. அங்கே குடிதண்ணீருக்கு அலையவேண்டும், யானைக்கு விலகவேண்டும். யாரும் துரத்தி அவர்கள் நடக்கவில்லை. நேர்த்தி வைத்து நடந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் குயின் மேரி வீதியில் புனித சூசையப்பர் கோயில் இருக்கிறது. அதன் வாசலில், முழங்காலில் ஏறுபவர்களுக்கென்று 99 மரப்படிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மனிதன் தன் உடம்பை வருத்தித் தன்னைக் கேட்டுப் பார்ப்பது புதிய விசயமல்ல. வெள்ளைக்காரனின் விசரும் அல்ல.

அப்படிப் பார்த்தால் எங்களுக்கும் ஒரு ஆள் இருந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக்கு நீரிணையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக, இரண்டு நாளுக்கு மேலாக நீந்திக் கடந்தவர். 1984 ஆவணியில் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அதிலேயே உயிர் விட்டார். அவர் நீந்தியபோது படகு கூட வந்தது, மணித்தியாலத்தைக் குறித்தார்கள். அதே நீரிணையை 1983க்குப் பிறகு ஆயிரமாயிரம் பேர் இருளில் வள்ளத்தில் கடந்தார்கள். மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு ராமேஸ்வரத்தில் ஏறாதவர்கள் எத்தனை பேர் என்று எழுதிவைத்த கொப்பி எங்கேயும் இல்லை.

*

இந்தப் பேச்சுகள் எல்லாம் வேலையோடு வேலையாகப் போயிருக்கும். ஆனால் எங்களில் இளையவன் ஒரு நாள் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தான். குசினிச் சப்பாத்து இல்லை, ஓடுகிற சப்பாத்து. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குத் திரும்ப, அவன் கோட்-டெ-நெய்ஜ் வீதியால் மேலே மலைப்பக்கம் ஓடுவான். மார்கழியில் சறுக்குகிற நடைபாதையில், மயானச் சுவரோரமாக. முதுகுப் பையில் ஏழு கிலோ அரிசி. அந்த ஓட்டத்தில் தண்ணீரைத் தவிர்த்து ஆறரை கிலோவுக்குக் குறையாத, பதினைந்து கிலோவுக்குக் கூடாத சுமை இருக்கவேண்டும் என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமையில் அந்த அரிசியைத்தான் சமைப்போம். "இது எத்தினை மைல் ஓடின சோறு?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவோம்.

பிறகு ஒரு நாள், கட்டாயம் கொண்டுபோகவேண்டிய சாமான்களின் பட்டியலை மேசையில் வைத்தான். திசைகாட்டி. கத்தி. லைற்றர். விசில். வெளிச்சம் காட்டக் கண்ணாடி. பாம்பு கடித்தால் விசத்தை இழுக்கும் குழாய். சட்டைக்குக் குத்தும் ஊசி பத்து. ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்குக் குறையாத சாப்பாடு. 200 யூரோ காசு. கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை.

அதை வாசித்துவிட்டு நால்வரும் பேசாமலிருந்தோம். எங்களில் மூன்று பேர் வன்னியிலிருந்து வந்தவர்கள். 2009 தை பிறந்தபோது கிளிநொச்சி விழுந்தது. அதற்கு முன்பே சனம் வெளிக்கிட்டுவிட்டது. விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால். ஒரு பகலில் சைக்கிளில் போய்ச் சேர்கிற தூரம். எங்களுக்கு ஐந்து மாதம் எடுத்தது. அந்தப் பட்டியல் எங்களிடம் யாரும் தந்ததல்ல. ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை விட்டுவிட்டுப் போகையில் தானாக உண்டானது. தையல் மெசின் விசுவமடுவோடு நின்றது. சைக்கிள் இரணைப்பாலையில். கடைசிவரை வந்தவை மண்வெட்டி, ஒரு சட்டி, பொலித்தீன் பையில் சுற்றி அம்மாமார் இடுப்பில் கட்டியிருந்த பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும். சேலைகளும் வந்தன, உடுக்க அல்ல. வெட்டித் தைத்து மணல் நிரப்பிப் பங்கருக்கு அடுக்க. கூறைச்சேலைகூட மண்மூடையானது. மாத்தளனில் வெட்ட வெட்டச் சரிகிற கடற்கரை மணல். மணலில் எப்படிப் படுப்பது, மணல் விழுந்த கஞ்சியை எப்படிக் குடிப்பது என்பதை நாங்கள் அங்கே படித்தோம்.

தமிழில் பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் அதுதான் பாலை என்று கம்பஸில் ஒரு வகுப்பில் கேட்டது எங்களில் ஒருவருக்கு நினைவிருந்தது. அந்த நிலத்துக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. வன்னி முல்லை நிலம். அது எந்த மாதத்தில் பாலையானது என்று நாங்கள் சொல்லுவோம்.

*

1994இல் இந்த ஓட்டத்தில் மௌறோ புறோஸ்பெறி என்ற இத்தாலியப் பொலிஸ்காரர் ஒருவர் தொலைந்துபோனார். மணற்புயல் ஓய்ந்தபோது அவருக்கு முன்னால் பாதை இல்லை. தேடி வந்த ஹெலிகொப்ரர் தலைக்கு மேலால் போயிற்று. அவர் விட்ட வெளிச்சத்தை அது காணவில்லை. பெரியவர் ஒருவரின் அடக்கத்தலத்தில் ஒதுங்கி, அங்கே தொங்கிய வௌவால்களைப் பிடித்து இரத்தம் குடித்தார். உயிரை விடுவோமென்று கையை வெட்டினார். உடம்பில் நீர் வற்றியதால் இரத்தம் ஓடவில்லை. ஒன்பது நாளுக்கு மேல் அலைந்தபின் ஆடு மேய்க்கும் நாடோடிகள் அவரைக் கண்டார்கள். பெண்கள் ஆட்டுப்பால் கொடுத்தார்கள். அப்போது அவர் பாதையிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர் விலகி, எல்லை கடந்து அல்ஜீரியாவுக்குள் வந்திருந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வௌவாலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எங்கள் மனதில் நின்றது அதற்குப் பிறகு நடந்தது. அல்ஜீரியப் படையினர் அவருடைய கண்ணைக் கட்டித்தான் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எல்லை கடந்து வந்த ஆபத்தான ஆளோ என்ற சந்தேகம். இன்னாரென்று தெரிந்தபிறகு திந்தூப் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓட்டக்காரராக வெளிக்கிட்டவர் அந்தச் சில மணித்தியாலம் எங்களில் ஒருவராக இருந்திருக்கிறார்.

திந்தூப் என்ற பெயரைச் சொன்னதும் அண்ணையின் முகம் மாறியது. அந்த நகரைச் சுற்றி, 1975இல் மொறொக்கோ மேற்குச் சகாராவுக்குள் வந்தபோது ஓடிப்போன சஹ்ராவி மக்களின் அகதி முகாம்கள் இருக்கின்றன. அரை நூற்றாண்டாக அங்கேயே பிறந்து அங்கேயே சாகிறார்கள். 2001இலிருந்து அங்கேயும் ஒரு மரதன் நடக்கிறது. ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு. வெளிநாட்டிலிருந்து ஓட வருபவர்கள் அகதிக் குடும்பங்களோடு தங்குகிறார்கள். இதைச் சொன்னபோது அண்ணை தட்டைத் தொட்டிக்குள் போட்டார். "அது எங்கட மண். உங்களுக்கு அதைப் பற்றித் தெரியாது" என்றார். இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

'அது எங்கட மண்' என்பதை நாங்கள் சிங்களத்தில் கேட்டிருக்கிறோம். தமிழிலும் கேட்டிருக்கிறோம். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து 70,000 முஸ்லிம்களுக்கு மேல் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த நடையைப் பற்றி நாங்கள் வளர்ந்த வீடுகளில் யாரும் கதைத்ததில்லை. மூன்றாம் நாள் அண்ணை புதினாத் தேத்தண்ணி போட்டு எங்களுக்கும் ஊற்றினார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. ஒரு தொட்டியில் நின்றுகொண்டு எத்தனை காலம் எடுக்காமலிருக்கலாம் என்று தெரியவில்லை.

*

இளையவனிடம் ஏன் என்று கேட்டோம். கன நாளாகப் பதில் சொல்லவில்லை. ஒரு இரவு சொன்னான்:

"அங்கை பின்னேரம் ஒருத்தன் வந்து சேராட்டி, ஆர் வரேல்லை எண்டு பாப்பினம். நம்பரைச் சொல்லித் தேடுவினம். அப்பிடி ஒரு இடத்திலை ஒருக்கா நடந்து பாக்கவேணும்."

அந்த ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். அண்ணை வேலை செய்த காலத்தில் தண்ணீர்ப் போத்தலிலும் அந்த இலக்கத்தை எழுதுவார்களாம். இப்போது ஒவ்வொருவருடனும் செய்மதியோடு பேசுகிற சிறு கருவி ஒன்று போகிறது. ஒட்டகங்கள் பின்னால் வருவது ஆளைக் கலைக்க என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். அவற்றுக்குப் பின்னால் யாரும் விடுபட்டிருக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அங்கேயும் சாவு உண்டு. 2021இல் கொடும் வெய்யிலிலும் வயிற்று நோயிலும் பாதிப் பேரளவில் ஓட்டத்தைக் கைவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் இறந்தார். அந்தச் சாவு ஒரு சாவாக எண்ணப்பட்டது.

2009இன் தொடக்கத்தில் வன்னிக்குள் இருப்பது 70,000 பேர்தான் என்று அரசாங்கம் சொன்னது. சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் வந்தன. வெளியே வந்து முகாமுக்குள் போனவர்கள் மட்டுமே 280,000க்கு மேல். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 தையில் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னால் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஐப்பசியில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? அதே வருடம் ஐ.நா. நிபுணர் குழு இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு இலட்சம் பேர் நிற்கிறார்கள். முன்னால் செல் அடித்தவர்களும் எண்ணவில்லை, பின்னால் நின்று போகவிடாமல் சுட்டவர்களும் எண்ணவில்லை.

எண்ணுவதிலும் வகை உண்டு. செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குள் எங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். தப்பிப்போகாமலிருக்க எண்ணினார்கள், தவறிப்போகாமலிருக்க அல்ல.

இளையவனுக்கு அப்போது பதினேழு வயது. வைகாசி 18ஆம் திகதி வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தமையன் போய்ப் பதிந்தான். அன்று அங்கே பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இருந்தார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். சரணடைந்தவர்களின் பெயர்களை அவர் ஒரு தாளில் எழுதியதையும், அவர்களோடேயே பஸ்ஸில் ஏறியதையும் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவரும் திரும்பவில்லை, அந்தத் தாளும் திரும்பவில்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 மாசி 20ஆம் திகதி காணாமற்போனவர்களின் அம்மாமார் போராட்டத்துக்கு இருந்தார்களே, அவர்களில் ஒருவர் எங்கள் இளையவனின் தாய்.

*

நுழைவுக் கட்டணம் மட்டும் 3,000 யூரோவுக்கு மேல். விமானச் சீட்டு வேறு, சாமான்கள் வேறு. எங்களில் மூத்தவருக்கு ஊரில் இரண்டு தங்கச்சிமார். "உது ஒரு குமரைக் கரையேத்திற காசு. மணலுக்கை கொண்டுபோய்க் கொட்டப் போறியோ?" என்று கேட்டார். அவர் சொல்வதில் பிழையில்லை. நாங்கள் இங்கே உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. எங்களுக்கென்று, எங்கள் உடம்புக்கென்று, யாருக்கும் பிரயோசனமில்லாத ஒன்றுக்காகச் செலவழிக்கிற உரிமை எங்களுக்கு எப்போது வரும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சீட்டில் சேர்ந்தார்.

ஆவணமும் ஒரு பிரச்சினை. இளையவனிடம் இருப்பது அகதிகளுக்குக் கனடா கொடுக்கிற பயணப் புத்தகம். எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தானோ அந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்கு அது செல்லும். அதற்கு மேல் விசா வேண்டும். வைத்தியச் சான்றிதழும் இதயத்தை அளந்த ஈ.சி.ஜி.யும் வேண்டும். பத்திரம் நிரப்புகையில், ஏதாவது நடந்தால் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்ற இடத்தில் விக்டோரியா அவெனியூ விலாசத்தை எழுதினான். ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது. மூன்று பெயரையும் நெருக்கி எழுதினான்.

தாயிடம் ரெலிபோனில் சொன்னபோது நாங்களும் பக்கத்தில் இருந்தோம். பாலைவனம் என்றதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தண்ணி குடுப்பினமோ?"

"ஓமம்மா. அளந்து குடுப்பினம்."

"அளந்தெண்டாலும் குடுக்கினம்தானே" என்றார். பிறகு மாமியின் முழங்கால் வருத்தத்தைப் பற்றிக் கதைத்தார்.

சீட்டில் எட்டுப் பேர் இருக்கிறோம். அக்காவும் அண்ணையும்கூடக் கட்டுகிறார்கள். வைகாசிச் சீட்டை அவனுக்கு விடுவதென்று பேசி முடித்திருக்கிறோம்.